சகலனின் சில்லு வில்

அந்த வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு என் சகலன், அதாவது என் மனைவியின் தங்கையின் கணவர், விட்ட அம்பு வைக்கோல் சாக்குக்கு ஒரு முழம் மேலால் போய், கிடுகு வேலியைத் தாண்டி, பக்கத்து வளவுத் தென்னையில் குத்தி நின்றது. கூடியிருந்த இருபது முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாக்கில் கரியால் போட்ட வட்டத்தைத் தவிர வேறெங்கும் அந்த மனிசனின் அம்பு பட்டு மூன்று மாதமாக யாரும் பார்த்ததில்லை. அவர் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு அம்பை எடுத்து விட்டார். அதுவும் மேலால்தான் போனது. நான் என் தறிக் கொட்டில் வாசலில் கையில் நூல் கண்டோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் எனக்குள் பொங்கிய சந்தோஷம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. என் பிள்ளைகள் பிறந்தபோதுகூட அவ்வளவு கலப்படமில்லாமல் சந்தோஷப்பட்டேனா என்பது சந்தேகம். எழுபதைத் தாண்டிய பிறகு இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டிய வயதில் நான் வெட்கப்படவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் வீடு மாறுவான். பெண்ணுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை உடுக்கிற சாரனையும் மேலே போடுகிற சேட்டையும் எடுத்துக்கொண்டு போய் அதில் குடியிருப்பான். நான் மருதமுனையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாகப் போனவன். மாமா ஒரே வளவில் இரண்டு மகள்மாருக்கும் இரண்டு கல்வீடு கட்டியிருந்தார். முன்வீடு எனக்கு. ஆறு வருடம் கழித்து வந்த சகலனுக்குப் பின்வீடு. நடுவில் மாமி சமைக்கும் குசினி. இப்படி வாழ்கிறவனுக்கு ஊரில் என்ன பெயர் இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் குசினியில் என்ன பெயர் என்பதில்தான் அவன் மானம் கிடக்கிறது. அந்த ஆறு வருடமும் 'மூத்த மருமகன்' என்ற பெயரை நான் தனி ஆளாக அனுபவித்தேன். வளவின் மூலையில் மூன்று தறி போட்டிருந்தேன். கிணற்றுக் கப்பியோ, தையல் மெசினோ, ரேடியோவோ, எது பழுதானாலும் என்னிடம்தான் வரும். பிறகு சகலன் வந்தார். வந்து ஒரு வருடத்தில் சவூதிக்குப் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தபோது, எனக்கிருந்த பெயர் மெல்ல மெல்லப் பின்வீட்டுப் பக்கம் நடந்து போய்விட்டது.

மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. மாமி கதவு மறைவில் நின்றுகொண்டு, என் காதில் விழும்படி மகளிடம் சொல்வார்: "புள்ள, மாப்பிள்ளைக்குச் சோத்துக்கு ஆணம் காணுமா எண்டு கேளு." நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "காணும் எண்டு சொல்லு" என்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் என் மனைவி நிற்பாள், வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல். அதுவரையான பத்து வருடத்தில் மாமியின் முகத்தை நான் நேராகக் கண்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். மாமி எங்களோடு சட்டியால்தான் கதைத்தார். பகல் சோற்றுக்கு முன் இரண்டு வீட்டுக்கும் மூடி போட்ட ஒவ்வொரு கறிச்சட்டி வரும். அதில் என்ன இருக்கிறது என்பதை வைத்து நம்முடைய மதிப்பை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் விளங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

சகலன் கொண்டுவந்த பெட்டிகளில் கசெட் ரேடியோ, புடவை, அத்தர் எல்லாம் இருந்தன. அவையெல்லாம் அப்போது நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் வரத் தொடங்கியிருந்த சாமான்கள்தான். அவற்றை நான் ஒருவாறு சமாளித்திருப்பேன். வில்லைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவர் ஓர் எண்ணெய்க் கம்பனி முகாமில் சாரதியாக இருந்தவர். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரன் ஒருவன் நாட்டுக்குப் போகும்போது பரிசாகக் கொடுத்ததாம். படங்களில் பார்க்கிற வில் மாதிரி இல்லை. நடுவில் கனத்த பிடி, மேலும் கீழும் பட்டையான இரண்டு கைகள், கைகளின் நுனியில் ஒவ்வொரு சின்னச் சக்கரம், அதாவது சில்லு, சில்லுக்கும் சில்லுக்கும் இடையில் கறுப்பு உறை போட்ட கம்பி வடங்கள். நாணை இழுத்தால் முதலில் கிணற்று வாளி மாதிரிக் கனக்கும். பாதி தாண்டியதும் சில்லுகள் சுழன்று பாரம் சட்டென்று இறங்கிவிடும். பிறகு ஆறுதலாக நின்று குறி பார்க்கலாம். ஊர் அதற்குச் சில்லு வில் என்று பெயர் வைத்தது. அந்தச் சில்லு எதற்கு, பாரம் ஏன் இறங்குகிறது என்பது அந்த வளவில் முதலில் விளங்கியது எனக்குத்தான். அவருக்கே நான்தான் விளக்கினேன். விளங்கி என்ன பயன், வில் அவருடையது.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வளவு மைதானம் ஆகிவிடும். மாளிகைக்காட்டிலிருந்துகூட ஆட்கள் சைக்கிளில் வருவார்கள். சகலன் முப்பது அடி வைத்து எண்ணி நின்று, கண்ணைச் சுருக்கி, ஒரு விரல் அசைப்பார். அம்பு வட்டத்துக்குள் நிற்கும். மாமா, நடக்கவே கஷ்டப்படுகிற மனிசன், கதிரை போட்டு முன்வரிசையில் இருப்பார். மாமி குசினிக் கதவு இடுக்கால் பார்ப்பார். சகலன் கொஞ்சமாவது தலைக்கனம் பிடித்தவராக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அண்ணன் முறை வைத்து, "காக்கா, நீங்களும் ஒருக்கா விட்டுப் பாருங்களேன்" என்று ஒவ்வொரு கிழமையும் கூப்பிடுவார். எனக்கு வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போய், தறியைப் போட்டு அடிப்பேன். அந்த நாட்களில் நெய்த சாரன்கள் கொஞ்சம் இறுக்கமாகவே இருந்திருக்கும்.

அவரிடம் ஒரு கடுமை மட்டும் இருந்தது. ஓதிய நூல், தாயத்து, தண்ணீர் ஓதிக் குடிப்பது எதுவும் அவருக்கு ஆகாது. அதெல்லாம் அல்லாஹ்வுக்கு இணைவைப்பது என்று சவூதியில் படித்து வந்திருந்தார். வந்த கிழமையே தன் மகளின் அரையில் மாமி கட்டிவிட்டிருந்த நூலை அறுத்து அடுப்பில் போட்டார். "இந்த வளவுக்குள்ள இனி ஆராவது நூல் கட்டினா, நான் என்ட பொஞ்சாதி புள்ளயக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போயிருவன்" என்றார். மாமி அன்று முழுக்கக் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

ஆகவே அம்பு தவறிய அந்த வெள்ளிக்கிழமை, குசினிக்குள்ளிருந்து, "யா அல்லாஹ், ஆர்ர கண்ணூறோ தெரியல்லையே!" என்று மாமியின் குரல் கேட்டபோது, சகலன் முகம் சுளித்தார். மற்றவர்கள் சுளிக்கவில்லை. கல்லடிக்குத் தப்பினாலும் கண்ணடிக்குத் தப்ப ஏலாது என்று ஒரு கிழவர் சொன்னார். அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது மாதிரி எனக்கிருந்தது. உண்மையில் திரும்பியதா என்று இப்போது சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டு கிழமையில் பாடசாலை விளையாட்டுப் போட்டி. அதில் வில் காட்டும்படி அதிபரே வீட்டுக்கு வந்து சகலனைக் கேட்டிருந்தார். முழு ஊரும் பார்க்கும் அந்த இடத்திலும் அம்பு தவறினால், நான் கண்ணூறுக்காரன் என்பது கல்லில் வெட்டிய எழுத்து ஆகிவிடும். கண்ணூறுக்காரன் என்று பெயர் எடுத்தவனை வாசலில் கண்டால் பிள்ளையை மறைப்பார்கள், சோற்றுக் கோப்பையை மூடுவார்கள். அந்தப் பெயரோடு நான் மனைவி வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

அடுத்த நாள் காலை சகலன் வில்லோடு என் கொட்டிலுக்கு வந்தார். "காக்கா, நூல் வேலயும் மெசின் வேலயும் உங்களுக்குத்தானே கை வந்தது. ஒருக்காப் பாருங்க. இதுக்கு என்ன வந்தெண்டு எனக்கு விளங்கல்ல" என்றார். பொறாமையை வைத்துக்கொண்டு மறுக்கவும் முடியாது, அது வெளியே தெரிந்துவிடும். வாங்கி வைத்தேன்.

தறியில் பிழை வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். நாலையும் சேர்த்துத் தட்டினால் எது பிழை என்று ஆயுளுக்கும் தெரியவராது. முதலில் அம்புகளைக் கண்ணாடித் துண்டில் உருட்டிப் பார்த்தேன். ஆறில் ஒன்று நெளிந்து ஓடியது. அதை ஒதுக்கிவிட்டு மற்ற ஐந்தையும் சகலனை விடச் சொன்னேன். ஐந்தும் மேலால் போயின. குறி பார்க்கும் ஊசியின் திருகாணியைப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தது. அம்பு படுத்திருக்கும் சின்னத் தாங்கியையும், அம்பின் வால் நாணில் கொளுவும் இடத்தையும் நூல் வைத்து அளந்தேன். பழைய அடையாளத்திலிருந்து மயிரளவும் நகரவில்லை. சகலனின் கைதான் நடுங்குகிறதோ என்று ஆசையோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். பாவி, கல் மாதிரி நின்றது. பட்டைக் கைகளில் வெடிப்பு விழுந்திருக்குமோ என்று பஞ்சால் தடவினேன். வெடிப்பு இருந்தால் பஞ்சு இழை மாட்டும். ஒன்றும் மாட்டவில்லை. மிஞ்சியவை சில்லுகள் இரண்டும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் சுழன்று நின்றால்தான் அம்பு நேரே போகும். ஒன்று பிந்தினால் நாண் கோணலாகத் தள்ளும். வில்லை இழுப்பவனுக்கு அது தெரியாது, இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சகலன் அதற்குள் கல்முனைச் சந்தைக்குப் போயிருந்தார். மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். நாணை இழுத்து, அம்பில்லாமல் விட்டால் வில் சிதறிவிடும் என்பதால், மெதுவாகவே திருப்பி விட்டேன். மூன்று தரம் இழுத்தேன். "மேல் சில்லு கொஞ்சம் பிந்துது போல" என்றாள் தயங்கித் தயங்கி. பிறகு, "அடுப்பில பால் வெச்சிட்டு வந்தன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். நான் வில்லைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்து மேல் சில்லை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இழுக்கும்போது கம்பி வடம் சில்லின் காடிப் பள்ளத்துக்குள் சுற்றிக்கொள்ளும் இடத்தில், வடத்தின் கறுப்பு உறையோடு உறையாக, ஒரு கறுப்பு நூல் சுற்றியிருந்தது. ஊசி முனையால் கிளப்பிப் பார்த்தேன். ஏழு முடிச்சு. பள்ளி லெப்பை ஓதி ஊதிய காவல் நூல். அந்த முடிச்சுகளின் தடிப்பில் ஏறி நின்றுதான் வடம் காடியில் அமராமல் சில்லைப் பிந்த வைத்திருக்கிறது. கண்ணூறு படாமல் இருக்கக் கட்டிய நூல்தான் குறியைக் கெடுத்திருக்கிறது! நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நூலை விரலில் உருட்டியபோது சிரிப்பு நின்றது. அது இரட்டை முறுக்கு நூல். சாரன் கரைக்கு என்று நானே சாயம் போட்டு, நானே முறுக்கி வைத்திருந்த நூல். யாருடைய கண்ணுக்குப் பயமோ அவர் கைபட்ட பொருளில் ஓதிக் கட்டினால்தான் பலிக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் கணக்கு. என் கொட்டிலில் இருந்து நூல் எடுத்து, என் கண்ணுக்குக் காவல் கட்டியிருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. அந்த வளவில் லெப்பையிடம் போய் நூல் ஓதுகிறவர் ஒருவர்தான். சின்ன மருமகனுக்குத் தெரியாமல் ஒளித்துக் கட்ட வேண்டிய தேவையும் அவருக்குத்தான் இருந்தது. குசினிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல், ஆர்ர கண்ணூறோ என்ற அந்தக் கேள்வி, விடை தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி என்று முடிவு கட்டினேன். சகலனிடம் காட்டலாம். அவர் சொன்னபடி பெண்டாட்டி பிள்ளையோடு வெளியேறுவார், மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார், பழி நூலைக் காட்டியவன் தலையில் விழும். பேசாமல் வில்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விளையாட்டுப் போட்டியில் அவர் ஊருக்கு முன்னால் தலை குனிவார். அந்தக் காட்சியை ஒரு முழுநாள் மனதில் ஓட்டி ஓட்டிச் சுவைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். நூல் அந்த நாள் முழுவதும் வில்லிலேயே இருந்தது. கடைசியில் அதை அறுக்க வைத்தது நல்ல மனசு ஒன்றுமில்லை. அவர் தவறவிட்டால் கண்ணூறுக்காரன் நான் என்ற பயம்தான். அறுத்து, சுருட்டி, இடுப்புப் பட்டியின் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத நேரம் ஒரே ஒரு அம்பு விட்டேன். வட்டத்துக்குள் போய் நின்றது. "சில்லுக்குள்ள தூசு அடைச்சுக் கிடந்திச்சு" என்று சொல்லிச் சகலனிடம் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தர் வாசம் இரண்டு நாள் என் சேட்டில் இருந்தது.

விளையாட்டுப் போட்டியன்று கயிற்றில் கட்டிய பத்துப் பலூனையும் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. அவர் ஒலிபெருக்கியை வாங்கி, "இந்த வில்லுப் பழுதாப் போன நேரம் திருத்தித் தந்தவர் எங்கட காக்கா. அவர் இல்லாட்டி இண்டைக்கு இது இல்ல" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவரால் கிடைத்த கைதட்டல் என்பதால் அதுவும் எரிந்தது. யுத்தம் வந்து நாடு கெட்டுப்போன வருடங்களில் அவர் வில்லைச் சாக்கில் சுற்றி முகட்டில் ஏற்றிவிட்டு மறுபடியும் சவூதிக்குப் போனார். அவரோடு எனக்கிருந்த எரிச்சல் அத்தோடு பெரும்பாலும் ஆறிப்போனது. மாமியோடுதான் ஆறவில்லை.

நான் சண்டை பிடிக்கவில்லை. முகமே பார்க்காத மனிசியோடு என்ன சண்டை? நூலை அறுத்த கிழமையிலிருந்தே மாமி அனுப்பும் சட்டியை, மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பத் தொடங்கினேன். மனைவி முதல் நாள் ஏன் என்று கேட்டாள். "பசியில்ல" என்றேன். பிறகு அவள் கேட்கவே இல்லை. அது எனக்கு ஆச்சரியமாகவும் படவில்லை. சட்டி ஒருநாளும் தவறாமல் வந்தது, ஒருநாளும் தவறாமல் போனது. மூடிக்குள் என்ன என்பதை மட்டும் வாசத்தில் அறிந்துகொள்வேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பின்வீட்டுக்கு இறால், கணவாய், பெரிய பாரைத் துண்டு. முன்வீட்டுக்கு வருவது மீன் வாசமே இல்லாத சட்டி. ஒருமுறை காற்றில் மூடி விலகியபோது எட்டிப் பார்த்தேன். தேங்காய்ப்பாலில் வெள்ளையாக ஆக்கிய பூசணிக்காய். மிளகாய்த்தூளின் நிறம்கூட இல்லை. சவூதி மருமகனின் வீட்டுக்கு இறால், தறி மருமகனுக்குப் பூசணிக்காய்! அன்றிலிருந்து சட்டியைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு வீறாப்பே வந்துவிட்டது. இப்படி ஆறு வருடம் போனது. மாமி ஒரு ரமழான் முடிந்த கையோடு காய்ச்சலில் படுத்து, ஐந்தாம் நாள் மௌத்தானார். கஃபன் துணி இட்டபின் கடைசியாக முகம் காட்டினார்கள். அவ்வளவு நேரம் அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து ஆட்கள் போன பின்னேரம், மனைவி கிணற்றடியில் சாப்பாட்டுச் சஹன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். வந்தவர்கள் எல்லாரும் மாமியின் கைருசியையும் நல்ல மனசையும் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்ல மனசுதான். என்ட நூலயே எடுத்து என்ட கண்ணுக்குக் காவல் கட்டினவதானே உங்கட உம்மா" என்றேன். முதல் தடவையாக அதை வெளியே சொன்னேன். அவள் கையிலிருந்த சஹனைக் கீழே வைத்தாள்.

"உம்மா கட்டல்ல. நான்தான் கட்டினன்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல், சஹனைப் பார்த்துச் சொன்னாள்: "அவர் அம்பு உட்ட நேரமெல்லாம் கண் படாம எல்லாரும் மாஷா அல்லாஹ் எண்டாங்க. நீங்க ஒருநாளும் சொல்லல்ல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தன். உங்கட கண் பட்டு அந்தாளுக்கு ஏதும் நடந்தா, நீங்க அதத் தாங்க மாட்டீங்க. அவருக்காக இல்ல, உங்களுக்காகத்தான் கட்டினன். உம்மாக்கு அது தெரியவே தெரியா."

"நான் அறுத்தது உனக்குத் தெரியுமா?"

"ஓம். அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் ஆறு வருஷமாச் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்ற? உங்கட பொஞ்சாதியே உங்களக் கண்ணூறுக்காரன் எண்டு நினைச்சாள் எண்டா?" அவள் சஹனை மறுபடியும் கையில் எடுத்தாள். "சட்டி திரும்பிப் போற நேரமெல்லாம் உம்மா கேப்பா, மூத்த மாப்பிள்ளைக்கு என்ட கையில என்ன புள்ள பிழை எண்டு. நான் என்னத்தச் சொல்ல? அவருக்கு வயித்துல புண், மீனும் உறைப்பும் ஒத்துவராது எண்டு சொன்னன். அதுக்குப் பிறகுதான் உம்மா உங்களுக்கெண்டு தனிய அடுப்பு வெச்சு, மிளகாய் போடாம ஆக்கத் தொடங்கினா. நீங்க அதையும் திருப்பி உட்டீங்க. எண்டைக்காவது ஒருநாள் ஒத்துக்கொள்ளும் எண்டு சொல்லிச் சொல்லியே ஆக்கினா."

நான் வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தேன். அவள் மீதிச் சஹன்களையும் கழுவி முடித்தாள். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசியது மிகக் குறைவு. கோபப்பட எனக்கு உரிமை இருப்பதாகப் படவில்லை, அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மாமியின் கபுறடியில் நின்று ஸலாம் சொல்வேன், யாஸீன் ஓதுவேன். முகம் பார்த்துக் கதைத்தறியாத ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சகலன் இப்போதும் பின்வீட்டில்தான் இருக்கிறார். நீரிழிவு, கண் மங்கல். இப்போதும் ஆட்கள் அவரைத்தான் முதலில் தேடி வருகிறார்கள், இப்போதும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. எனக்கு உண்மையாகவே வயிற்றில் புண் வந்துவிட்டது. மீனையும் மிளகாயையும் விடச் சொல்லி டாக்டர் எழுதித் தந்தார். மனைவி பூசணிக்காயைத் தேங்காய்ப்பாலில் வெள்ளையாக ஆக்கி வைக்கிறாள். உம்மா ஆக்கின மாதிரி வரல்ல என்று ஒவ்வொரு தடவையும் அவளே சொல்லிக்கொள்கிறாள். அது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் ஒருநாளும் ருசி பார்த்ததில்லை.